ஹோவர்டின் முதல் சொராரிட்டிக் கிளையைத் தேடிப் படித்த கதை

2020இல் கமலா ஹாரிஸுக்காக அவருடைய தாய்வழிப் பூர்விக ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்கள். அவர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986இல் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பற்றி நம் பத்திரிகைகள் ஒரு வரியோடு கடந்துவிட்டன. கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சொராரிட்டி அது. அதாவது கல்லூரி மாணவியர் சங்கம். அவர் சேர்ந்ததே அதன் முதல் கிளையில். சரி, அந்தக் கிளையின் ஆரம்ப வருடங்களையாவது ஒழுங்காகப் படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

சங்க வரலாறுகளை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 1908 ஜனவரி 15 அன்று எத்தல் ஹெட்ஜ்மனும் தோழிகளும் தொடங்கினார்கள், அதில் சிக்கல் இல்லை. 1912இல்தான் பிரச்சினை. அப்போதைய உறுப்பினர்கள் 22 பேர் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்ற நினைத்தார்கள். படிப்பை முடித்துப் போயிருந்த முன்னாள் தலைவி நெல்லி குவாண்டர் உறுதியாக மறுத்தார். 22 பேரும் பிரிந்து 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். பதினாறாவது நாளே குவாண்டர் தரப்பு பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டது. இரு தரப்பும் இதை இரு விதமாகச் சொல்கின்றன. தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதி வைத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. படித்தவரை இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்த தலைவலி பெயர்கள். டெல்டாவின் முதல் தலைவியை இன்று மைரா டேவிஸ் ஹெமிங்ஸ் என்கிறார்கள். ஹெமிங்ஸ் கணவர் வழிப் பெயர். கல்லூரிக் காலத்துக்கு மைரா டேவிஸ் என்றுதான் தேட வேண்டும். அவரே 1912இல் பழைய சங்கத்தின் கிளைத் தலைவியாகவும் இருந்தவர் என்று தெரிந்ததும் பிளவின் ஆழம் புரிந்தது. எத்தலும் அப்படித்தான், பிற்காலத்தில் அவர் எத்தல் லைல். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம்.

பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசத் தளம் இருக்கிறது. அதில் சொல்லைத் தட்டித் தேடுவதை நம்ப வேண்டாம். மங்கிய அச்சைக் கணினி கண்டபடி படித்து வைத்திருக்கும். தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தை நான் அப்படித்தான் படித்தேன். கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று சொல்லப்பட்ட ஊர்வலம் அது. தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத டெல்டா மாணவிகள், கறுப்பின வாக்குரிமைப் போராளி மேரி சர்ச் டெரலோடு அதில் நடந்தார்கள். அவர்களில் ஒருவரான பெர்தா பிட்ஸ் கேம்பல் 1981இல், 92 வயதில், அதன் நினைவாக அதே பென்சில்வேனியா அவென்யூவில் டெல்டா பெண்களுக்கு முன்னால் நடந்தார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

உறுப்பினர்களிடம் பேசினால் சேவைப் பணிகளைப் பற்றி மனம்விட்டுச் சொல்வார்கள். சேர்க்கைச் சடங்குகள் ரகசியம், அதைக் கேட்காமல் இருப்பதே மரியாதை. 1924இல் ஹில்டாப் என்ற மாணவர் பத்திரிகை தொடங்கிவிடுவதால் அதற்குப் பிறகான வருடங்களுக்கு ஆதாரம் தாராளம். இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.