எடைக்கருவி இருந்தது, உயரம் அளக்கத்தான் வழியில்லை

160 செ.மீ. உயரம், 35 கிலோ எடை. பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 13.7. காசநோய் உறுதியான அன்றே இவர் வார்டுக்குப் போக வேண்டியவர். அதே ஆளை நிறுத்தி அளக்காமல் "அஞ்சடி ஒண்ணு இருப்பார்" என்று கண்ணளவில் 155 என்று எழுதினால் பி.எம்.ஐ. 14.6 ஆகிவிடும். காலில் வீக்கமும் இல்லாவிட்டால் படிவத்தின்படி அவர் தீவிர நோயாளி இல்லை. மாத்திரை அட்டையோடு பஸ் ஏறிவிடுவார். காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதங்களுக்குள் போய்விடுகிறார்கள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த இறப்புகளைத் தடுக்கத்தான் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அது சறுக்கிய முதல் இடமே இந்த ஐந்து செ.மீ.தான்.

தீவிர நோயாளிகளைப் பிரித்தறிய அந்தத் திட்டத்தில் உள்ள படிவம் சின்னது. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழ்; அல்லது 14.1 முதல் 16 வரை இருந்து இரு கால்களிலும் வீக்கம்; மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல்; ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ்; பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, முழுப் பரிசோதனை செய்து, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். டாக்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டாஃப் நர்ஸே பார்த்துவிடலாம். இதைப் புரியவைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அரைமணி நேரப் பயிற்சியில் எல்லோருக்கும் புரிந்தது. சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

உயரம். எங்கள் பகுதியில் சுகாதார நிலையங்களில் எடைக்கருவி எங்கும் இருந்தது. உயரம் அளக்கும் பட்டை பல இடங்களில் உடைந்து கிடந்தது, அல்லது கர்ப்பிணிகள் பகுதியில் பூட்டிய அறைக்குள் இருந்தது. கருவி கேட்டு இண்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போட்டுக் காத்திருப்பது வீண். சுவரில் தரையிலிருந்து நேராக ஒரு அளவு டேப்பை ஒட்டுங்கள். 100 செ.மீ.-இலிருந்து தொடங்கும் டேப்பாக இருந்தால் அடியைச் சரியாக 100 செ.மீ. உயரத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதும், உயரம் உறுதியாகத் தெரிந்த ஒருவரை நிறுத்திச் சரிபாருங்கள். தலைமேல் ஸ்கேலோ கெட்டி அட்டையோ வைத்துப் படிக்க வேண்டும், கையை வைத்தால் இரண்டு செ.மீ. தவறும். பக்கத்திலேயே உயரத்துக்கு நேரே பி.எம்.ஐ. 14-க்கும் 16-க்கும் வரும் எடையை அட்டவணையாக எழுதி ஒட்டினோம். 150-க்கு 31.5 கிலோ, 36 கிலோ. 155-க்கு 33.6, 38.4. 160-க்கு 35.8, 41. போனில் கால்குலேட்டரைத் திறந்து வர்க்கம் போடும் வேலை போனதும் தப்புக் கணக்கு பாதியாகக் குறைந்தது. அதிகச் செலவில்லாமல் அதிகப் பலன் தந்தது இந்த ஒன்றுதான்.

கால் வீக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீக்கம் என்றால் உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது, எடைக்கருவி காட்டுவதில் கொஞ்சம் அந்த நீரின் எடை. அதனால்தான் பி.எம்.ஐ. 16 வரை உள்ளவர்களிடம் வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கண்ணால் பார்த்தால் போதாது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுகிறதா, இரண்டு காலிலும் விழுகிறதா என்று பாருங்கள். சேலையையும் வேட்டியையும் கொஞ்சம் உயர்த்தச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் இந்தக் கட்டத்தில் "இல்லை" என்று குறித்துவிடுகிறார்கள்.

மூச்சு எண்ணிக்கை இன்னும் மோசம். பத்துப் படிவத்தில் எட்டில் 18 அல்லது 20 என்று இருந்தால் அங்கே யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலே நான்கு கூடும் அல்லது குறையும், 24 என்ற கோட்டுக்கு அருகில் அது போதும். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் வேகத்தை மாற்றிக்கொள்வார். நாடி பிடித்தபடியே எண்ணுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் ஆக்சிமீட்டருக்கு மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரல் வேண்டும், அரை நிமிடமாவது எண் ஆடாமல் நின்ற பிறகே எழுத வேண்டும். மாற்று பேட்டரி மேஜை இழுப்பறையில் இருக்கட்டும்.

"நிக்க முடியுமாய்யா?" என்று கேட்டால் "முடியும் சார்" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். பெஞ்சிலிருந்து எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். நிற்கவே முடியாதவருக்கு எடை எடுக்க முடியவில்லை என்று படிவத்தையே காலியாக விட்ட இடங்கள் உண்டு. இதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நிற்க முடியவில்லை என்பதே போதும், அவர் தீவிர நோயாளி. எடை தெரியாவிட்டாலும் அனுப்பலாம்.

அடுத்தது நேரம். சளி கொடுத்துவிட்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடுகிறார். முடிவு மறுநாளோ அதற்கு மறுநாளோ வருகிறது. பிறகு போனில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் படிவத்தை நிரப்புகிறார்கள். போனில் கால் வீக்கம் தெரியாது. சளி வாங்கும் அன்றே பார்ப்பதற்கே மெலிந்து, மூச்சு வாங்குபவராக இருந்தால் அப்போதே ஐந்தையும் அளந்து குறித்து வையுங்கள். முடிவு வந்த நாளில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். ஆள் வராவிட்டாலும் எதைத் துரத்த வேண்டும் என்பது கையில் இருக்கும்.

இனி, எங்களை அதிகம் அலைக்கழித்த இடம்: அனுப்பிய பிறகு. ஆரம்பத்தில் பரிந்துரைச் சீட்டில் "மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதினோம். நோயாளி இரண்டு பஸ் மாறி ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய், புறநோயாளி வரிசையில் நின்று, அன்றைய டூட்டி டாக்டரைப் பார்ப்பார். டாக்டர் கண்ணுக்கு அவர் நடந்து வந்த ஆள். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வேறொரு இடத்தில் பொது மருத்துவ வார்டு "டி.பி. கேஸ், இங்க வேண்டாம்" என்றது, நெஞ்சக நோய் வார்டில் கட்டில் இல்லை என்றார்கள். ஒரு முறை திரும்பி வந்தவர் மறுமுறை கிளம்புவதே இல்லை. ஒருநாள் கூலியும் பஸ் காசும் போன வலி அவருக்கு.

இதைச் சரிசெய்தது மூன்று மாற்றங்கள். சீட்டில் காரணத்தை எண்ணோடு எழுதினோம்: "பி.எம்.ஐ. 13.7, மூச்சு 28, உள்நோயாளியாகச் சேர்க்க". எண்ணைப் பார்த்தால் டூட்டி டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார். இரண்டாவது, அங்கே பொறுப்பாக ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு செவிலியர், அவர்களின் எண்கள். நோயாளி கிளம்பும் முன் ஒரு அழைப்பு. குழுவில் செய்தி போட்டுவிட்டு இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். மூன்றாவது, ஒதுக்கிய கட்டில். மாவட்டத் துணை இயக்குநர் நேரில் போய் மருத்துவமனைத் தலைவரிடம் பேசி எழுத்தில் வாங்கும்வரை இது நடக்கவில்லை. கீழ்மட்ட ஊழியர் எத்தனை முறை கேட்டாலும் கட்டில் வராது, அதில் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே உள்ளவரை மட்டும் பஸ்ஸில் ஏற்றவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேர்ந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. எலும்பும் தோலுமாக வந்தவருக்கு வீட்டார் முதல் நாளே பிரியாணி, முட்டை, ஹார்லிக்ஸ் என்று கொண்டுவருவார்கள். வெகுநாள் பட்டினியில் இருந்த உடம்பில் திடீரென்று உணவு சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரியும், இதயம் தடுமாறும். உணவு தொடங்கும் முன்பே, குளுக்கோஸ் ஏற்றும் முன்பே, தையமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகப் பிரித்து, சில நாட்களில் கூட்ட வேண்டும். எஃப்-75 போன்ற ஆரம்பநிலைப் பால் உணவு 100 மி.லி.-க்கு 75 கலோரி. அதன் நோக்கமே மெதுவாகத் தொடங்குவதுதான். வார்டு சமையலறைக்கு இது புதிது. உணவியலாளரைப் பயிற்சிக்குக் கூப்பிட மறந்துவிட்டோம், அது பெரிய பிழை.

இரண்டாம் மூன்றாம் நாளில் சொல்லாமல் கிளம்பிவிடுபவர்களில் கணிசமானவர்கள் குடிப்பழக்கம் உள்ளவர்கள். நடுக்கமும் தூக்கமின்மையும் தாங்காமல் போகிறார்கள். சேர்க்கும்போதே கேட்டுச் சீட்டில் எழுதுங்கள். அந்த நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தால் தங்குவார்கள். மற்றவர்கள் தயங்குவது கூலிக்காக, உடனிருக்க ஆள் இல்லாததற்காக. நிக்‌ஷய் போஷண் தொகை (காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு தருவது) 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஆனது என்றாலும் அது கணக்கில் ஏறும்வரை இன்றைய கூலியை ஈடு செய்யாது. "நிலைமை மோசம், சேரணும்" என்றால் பயந்து ஓடுகிறார்கள். "ஒரு வாரம் மட்டும் இருந்து உடம்பைத் தேத்திட்டு வாங்கம்மா" என்றால் பலர் சம்மதிக்கிறார்கள்.

கண்காணிப்பவர்களுக்கு ஒன்று. "98 சதவீதம் பேருக்குப் பரிசோதனை முடிந்தது" என்ற எண்ணை வைத்துப் பாராட்டாதீர்கள். எத்தனை பேர் தீவிரம் என்று வந்தது என்று கேளுங்கள். நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேராவது அப்படி இருப்பார்கள். மூன்று மாதமாக ஒரு நிலையத்தில் பூஜ்யம் என்றால் அங்கே போய் நீங்களே ஒரு நோயாளியை அளந்து பாருங்கள். மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் எண் மட்டும் மாறும். ஊழியர் இடமாறுதல் வந்தாலும் இதே கதைதான். பழகியவர் போய்ப் புதியவர் வந்த வாரத்தில் இருபது நிமிடம் அவர் பக்கத்தில் நின்று இரண்டு நோயாளிகளை அளக்க வைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டிய டேப் கிழிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.