தண்டுவடக் காயத்தில் கிளியா செல்கள்: தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.டி. உடலியல் படிக்க வந்த பிறகும் நம்மில் பலர் கிளியா செல்களை, அதாவது நரம்பு மண்டலத்தில் நியூரான் அல்லாத துணைச் செல்களை, எம்.பி.பி.எஸ். முதலாண்டு நினைப்பிலேயே வைத்திருக்கிறோம். ஆஸ்ட்ரோசைட் தாங்கிப் பிடிக்கும், ஆலிகோடென்ட்ரோசைட் மயலின் (ஆக்ஸான் என்ற நரம்பிழையைச் சுற்றும் கொழுப்புறை) போடும், மைக்ரோகிளியா குப்பை அள்ளும். அரைப்பக்க அட்டவணையோடு முடிந்தது. 'தண்டுவடக் காயத்தில் கிளியாவின் பங்கு' என்று பெரிய கேள்வியாக வந்தால் இந்த அட்டவணை கைகொடுக்காது. செல் வாரியாகப் பத்தி பிரித்து எழுதுகிறவர்களின் விடையில், மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிடுவது எங்குமே வராது.

நான் நேர வரிசையில் படித்தேன். ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நிமிடம், மணி, நாள், வாரம், மாதம் என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்தில் எதைப் படித்தாலும் உரிய கட்டத்தில் எழுதுங்கள்.

முதல் கட்டம் சீக்கிரம் நிரம்பிவிடும். நசுங்கிய செல்களிலிருந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு கசிகிறது, அதை மோப்பம் பிடித்த மைக்ரோகிளியா சில நிமிடங்களிலேயே தன் கிளைகளைக் காயத்தை நோக்கி நீட்டுகிறது. நியூரானைத் தூண்டும் குளூட்டமேட் வெள்ளமாய் வெளியே வர, ஆஸ்ட்ரோசைட்டால் உறிஞ்சி மாளவில்லை. இதில் நியூரான் சாவதை எல்லோரும் எழுதுவார்கள். ஆலிகோடென்ட்ரோசைட்டும் குளூட்டமேட்டுக்குப் பலியாகும் என்று சேர்த்து எழுதுங்கள், அது உங்கள் விடையைத் தனியாகக் காட்டும். மணிக்கணக்கில் ஐ.எல்.-1, டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதங்களின் சுரப்பு; முதல் நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு; அதன் பின்னே ரத்தத்திலிருந்து மோனோசைட் வந்து, விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜ் ஆகிறது. வாரக் கட்டத்தில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, காயத்திலிருந்து தள்ளியிருக்கும் வெள்ளைப் பகுதியிலும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் அப்போப்டோசிஸில் (செல்லே தன்னை அழித்துக்கொள்ளும் முறையில்) செத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் அறுபடாமல் தப்பிய ஆக்ஸான்கூட மயலின் இழந்து வேலை செய்யாமல் போகலாம். இரண்டு, தழும்பு.

தழும்பைப் பொறுமையாகப் படியுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது, எழுதுகிறவர்கள் சறுக்குவதும் அங்கேதான். முதலில் படம்: நடுவில் ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களும் மேக்ரோஃபேஜ்களும் நிறைந்த பகுதி. அதைச் சுற்றி, பெருகி நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஆஸ்ட்ரோசைட் வேலி, அவற்றின் அடையாளப் புரதமான ஜி.எஃப்.ஏ.பி. ஏறிய நிலையில். வேலிக்கு வெளியே ஆலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்கள். மனிதரிலும் எலியிலும் மாதங்கள் கழித்து நடுவில் நீர்க்குழி விழும். சுண்டெலியில் பெரும்பாலும் விழாது. ஆராய்ச்சியில் கணிசமான பகுதி சுண்டெலியில் நடக்கிறது என்பதை நினைத்தால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், கேட்கப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: "தழும்பை எடுத்துட்டா ஆக்ஸான் வளருமா?" பழைய புத்தகத்தை மட்டும் படித்தவர் "வளரும் சார்" என்பார். அந்த விடைக்குப் பின்னால் நியாயமான சோதனையும் இருக்கிறது. 2002இல் லண்டனில் பிராட்பரி குழு, தழும்பில் சேரும் காண்ட்ராய்டின் சல்ஃபேட் புரோட்டியோகிளைக்கனின் சர்க்கரைச் சங்கிலியைக் காண்ட்ராய்டினேஸ் என்ற நொதியால் வெட்டியது. எலிகளில் ஆக்ஸான் வளர்ச்சியும் நடையும் மேம்பட்டன. ஆனால் 2004இல் கலிஃபோர்னியாவில் சோஃப்ரோனியூ குழு, பெருகிவரும் ஆஸ்ட்ரோசைட்டுகளையே சுண்டெலியில் அழித்துப் பார்த்தது. காயம் மோசமானது: அழற்சி பரவியது, ரத்தத்துக்கும் தண்டுவடத்துக்கும் இடையிலான தடுப்பு பழுதுபார்க்கப்படவில்லை, மயலின் இழப்பு கூடியது. அதே ஆய்வகம் 2016இல், தழும்பு உருவாகாமல் தடுத்தாலும் ஆக்ஸான் தானாக வளரவில்லை, தேவையான வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தால் தழும்புக்குள்ளேயே வளர்கிறது என்று காட்டியது. ஆக, நொதி சோதனை ஒரு மூலக்கூறைப் பற்றியது, மற்ற இரண்டும் செல்லைப் பற்றியவை. இதைப் பிரித்துச் சொல்லிவிட்டால் எக்ஸ்டர்னல் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

மயலின் பக்கத்துக்கு அதிக நேரம் வேண்டாம். 1981இல் மாண்ட்ரியாலில் டேவிடும் அகுவாயோவும் கை கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்தில் பாலமாக வைத்ததும், அதற்குள் மைய நரம்பணுக்களின் ஆக்ஸான்கள் நீளமாக வளர்ந்ததும் அவசியம். அதாவது தடை நியூரானில் மட்டும் இல்லை, சுற்றுப்புறத்திலும் இருக்கிறது. அப்புறம் ஜூரிச்சில் ஷ்வாப் கண்டறிந்த நோகோ-ஏ என்ற தடுப்புப் புரதம். அவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. ஏ1 ஆஸ்ட்ரோசைட் கெட்டது, ஏ2 நல்லது என்று கோச்சிங் குறிப்புகளில் இன்னும் சுற்றுகிறது. இந்தப் பெயர்களைப் பரப்பிய 2017 கட்டுரையின் மையச் செய்தி அருமையானது: மைக்ரோகிளியா விடும் ஐ.எல்.-1 ஆல்ஃபா, டி.என்.எஃப்., சி1க்யூ மூன்றும் சேர்ந்து ஆஸ்ட்ரோசைட்டை நச்சாக மாற்றுகின்றன. அதை எழுதுங்கள். ஆனால் இந்த இரட்டைப் பிரிவே போதாது என்று 2021இல் துறையினர் பலர் சேர்ந்து அறிக்கையாகவே சொல்லிவிட்டார்கள். மைக்ரோகிளியாவை எம்1 கெட்டது, எம்2 நல்லது என்று பிரிப்பதற்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

நோய்களுக்கு வருவோம். என் கணக்கில் முதலில் படிக்க வேண்டியது, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. கிளியாவே நேரடி இலக்காகும் நோய்க்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ரத்தக்குழாயை அணைத்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதம் இருக்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடி ஒட்டி, காம்ப்ளிமென்ட் என்ற ரத்தத்தின் தற்காப்புப் புரதங்கள் சேர்ந்து, முதலில் ஆஸ்ட்ரோசைட் சாகிறது. மயலின் போவது அதன் பின்விளைவு. ஆன்டிபாடி 2004இல் தெரியவந்தது, அதன் இலக்கு அடுத்த ஆண்டு. முன்பெல்லாம் இதை, மயலினைத் தாக்கும் இன்னொரு நோயான மல்டிபிள் ஸ்க்லெரோசிஸின் ஒரு வகை என்றே எண்ணினார்கள். எம்.ஆர்.ஐ.யில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: இதில் தண்டுவடப் புண் பெரும்பாலும் மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ போகும், நடுப்பகுதியில் இருக்கும். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸில் குட்டையாக, ஓரமாக இருக்கும்.

மோட்டார் நியூரான்கள் (தசையை இயக்கும் நரம்பணுக்கள்) சாகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ஒரே சோதனை போதும். இந்த நோயை உண்டாக்கும், மாறிப்போன எஸ்.ஓ.டி.1 மரபணுவை 2006இல் டான் கிளீவ்லேண்ட் என்ற ஆய்வாளரின் குழு சுண்டெலியில் செல் வகை வாரியாக நீக்கியது. மோட்டார் நியூரானில் நீக்கினால் நோய் தொடங்குவது தள்ளிப்போனது. மைக்ரோகிளியாவில் நீக்கினால் தொடக்கம் பெரிதாக மாறவில்லை, தொடங்கிய பின் முற்றும் வேகம் குறைந்தது. இந்த இரண்டு வரியை அப்படியே விடைத்தாளில் எழுதலாம்.

நரம்பு வலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளோரைடு கணக்கு தெளிவாக இருந்தால்தான் புரியும். நரம்பு அடிபட்டால் தண்டுவடத்தின் பின்கொம்பில் மைக்ரோகிளியா, ஏ.டி.பி.யை உணரும் பி2எக்ஸ்4 ஏற்பியைக் கூட்டிக்கொண்டு பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை விடுகிறது. நியூரானில் குளோரைடை வெளியேற்றும் கே.சி.சி.2 குறைய, உள்ளே குளோரைடு தேங்குகிறது. நியூரானை அடக்கும் வேதிப்பொருளான காபாவின் தடுக்கும் வேலை பலவீனமாகி, சில சமயம் தலைகீழாகத் தூண்டவே செய்கிறது. படித்து முடித்ததும் ஓரத்தில் இதையும் குறித்துவையுங்கள்: 2015இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வில் இந்த மைக்ரோகிளியா பாதை ஆண் சுண்டெலிகளில்தான் வலிக்குத் தேவைப்பட்டது, பெண் சுண்டெலிகளில் அந்த வேலையை டி செல்கள் செய்வதாகத் தெரிந்தது. வைவாவில் "வேறு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.