மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் தரம் 1க்குப் பாடசாலை பார்க்கும்போது

முதலில் பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிப்பதை மறந்துவிடுங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, அவ்வளவுதான். தரம் 1க்குப் போகிற பிள்ளைக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆரம்பப் பிரிவை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட வேண்டும்.

அங்கே வகுப்பாசிரியர்தான் எல்லாம். தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ரீச்சர்தான் படிப்பிக்கிறார். அவர் இடமாற்றத்தில் போய், பதிலுக்கு ஆள் வராவிட்டால் வகுப்பே நின்றுவிடும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பாடசாலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. தினமும் பாலம் கடந்து வருகிறவர்கள் எப்போது மாற்றம் கிடைக்கும் என்று பார்த்திருப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அதனால் அதிபரிடம் கேட்க வேண்டியவை: தரம் 1, 2 ரீச்சர்மார் ஆரம்பக் கல்விப் பயிற்சி பெற்றவர்களா, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், வகுப்பில் எத்தனை பிள்ளைகள்.

வாசலில் தொங்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பதாகையை அப்படியே நம்ப வேண்டாம். 90 பேர் எழுதி 12 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதை விட, 15 பேர் எழுதி 5 பேர் தாண்டுவது பெரிய விசயம். 200க்கு 70 கூட எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையை ரியூசனும் தூக்கிவிடும். பின்தங்கிய பிள்ளையை அந்தப் பாடசாலை என்ன செய்கிறது என்பதை இந்த எண்ணிக்கைதான் காட்டும்.

கழிவறையையும் குடிநீரையும் நேரில் பார்த்துவிடுங்கள். மாரியில் முற்றத்தில் வெள்ளம் நிற்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்டால் உண்மை வரும்.

விண்ணப்பத்தில்தான் பலர் இடறுகிறார்கள். அனுமதியில் 50 சதவீதம் அருகில் வசிப்போருக்கு, 25 பழைய மாணவர் பிள்ளைகளுக்கு, 15 அங்கே சகோதரர்கள் படிப்போருக்கு, மீதி வேறு பிரிவுகளுக்கு. அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் பார்க்கப்படும். நம் பக்கத்தில் கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார், ஆனால் இடாப்பில் அவர் பெயர் தாய்வீட்டிலேயே கிடக்கும். பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் புள்ளி குறையும். சீதன வீட்டின் உறுதி இன்னும் மாமியின் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். கடந்த ஐந்து வருட இடாப்பைப் பார்ப்பதால் கடைசி வருடத்தில் ஓடித்திரிந்து பயனில்லை. பிள்ளை பிறந்தவுடனேயே கிராம சேவகரிடம் பெயரை மாற்றுவதுதான் வழி.

விண்ணப்பிக்கும் பாடசாலையை விட வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். ஆனால் இடையில் வாவி குறுக்கிட்டு, போய்வர முடியாத பாடசாலைக்கு வெட்டக்கூடாது. நேர்முகத்தில் இதை வாயால் சொன்னால் போதாது. கிராம சேவகரின் கடிதமும் வரைபடமும் கையில் இருக்கட்டும். தற்காலிகப் பட்டியல் ஒட்டியதும் புள்ளியைச் சரிபார்த்து, தவறு இருந்தால் குறித்த திகதிக்குள் மேன்முறையீட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள்.