எல்லாம் வந்துருச்சுங்களா?

"எல்லாம் இந்தப் பக்கம் வந்துருச்சுங்களா தம்பி?"

"வந்துருச்சுங்க ஐயா. பழைய ஹோஸ்டிங்குக்கு இனிமே பணம் கட்ட வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சேலம் ஐந்து ரோட்டில், வெப்சைட் செய்து கொடுக்கும் எங்கள் ஆபீஸ் வாசலில், ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக நின்று சொன்னேன். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் பதிலை வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா" என்றிருக்கலாம். "இன்னும் ஒரு வருஷத்துக்குக் கட்டிருங்க, பிறகு விட்டுரலாம்" என்றிருக்கலாம். நாலைந்து ஆயிரம் ரூபாய் சமாச்சாரம், அவர் மறுத்திருக்க மாட்டார். எனக்குத்தான் அவருடைய பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த திருப்தி அன்றைக்குத் தேவைப்பட்டது.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஐயா குடும்பத்துக்குக் காப்பித் தோட்டம். தோட்டத்துப் பழைய வீட்டில் மூன்று அறையை விருந்தினருக்கு விடுகிறார்கள். 2012-இல் யாரோ வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் போட்டுக் கொடுத்த சைட். வெளியூர்க்காரர்களுக்குச் சேலம் என்றால்தான் தெரியும் என்று அப்போது பெயரிலேயே சேலத்தைச் சேர்த்திருந்தார்கள். இப்போது எல்லோரும் ஏற்காடு என்றுதான் தேடுகிறார்கள். அதனால் புதுப் பெயர், புது டொமைன் (இணைய முகவரி), புது ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் வாடகைச் சர்வர்). சைட்டின் தோற்றத்தைத் தரும் டெம்ப்ளேட் மட்டும் பழையதே வேண்டும் என்பது கண்டிப்பு. "அம்மாவுக்குக் கை பழகிருச்சு. மாத்தினா மறுபடி அந்தப் பக்கமே போக மாட்டாங்க" என்றார் ஐயா. சைட்டைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். தங்க வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் கிளம்புகிற அன்று காலையில் வாசல் படிக்கட்டில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பார். அன்றைக்கே தேதியோடு சைட்டில் ஏற்றிவிடுவார். போனிலிருந்து நேராகச் சைட்டுக்கு. வேறெங்கும் பிரதி கிடையாது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மே மாசக் கோடை விழாவுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தோம்.

டெம்ப்ளேட்டை ஏற்றுவதிலேயே தடங்கல். ஜிப் ஃபைலை ஏற்றினால் ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ் என்ற ஃபைல் இல்லை என்று திருப்பி அனுப்பியது. வாங்கிய ஜிப்புக்குள் விளக்கக் குறிப்புகளோடு இன்னொரு ஜிப் இருக்கும், அந்த உள் ஜிப்பைத்தான் ஏற்ற வேண்டும். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். அதைச் சரிசெய்தால் ஃபைல் பெரிதாக இருக்கிறது என்றது. வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி மொழி தானாக வைத்திருக்கும் வரம்பு 2 எம்பி, புது ஹோஸ்டிங்கில் அதை யாரும் கூட்டி வைத்திருக்கவில்லை. இதெல்லாம் அரை மணி நேர வேலை.

அடுத்தது பதிவுகள். பழைய சைட்டிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த எக்ஸ்எம்எல் ஃபைல் 4 எம்பி இருந்தது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஃபைலில் படங்கள் இருக்காது. எழுத்து இருக்கும், தேதி இருக்கும், படம் எந்த முகவரியில் இருக்கிறது என்ற வரி இருக்கும். இம்போர்ட் செய்யும்போது, இணைப்புக் கோப்புகளையும் இறக்கிக்கொள் என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் புதுச் சர்வர் பழைய சர்வருக்குப் போய் ஒவ்வொரு படமாக எடுத்து வரும். எனக்கு இது தெரியும். அறுநூற்றுச் சொச்சம் படம் 4 எம்பிக்குள் அடங்காது என்பது கணக்குத் தெரியாதவனுக்கும் புரியும்.

டிக் போட்டுத்தான் ஓட்டினேன். முப்பது நொடியில் நின்றது. ஒரு வேலைக்கு அவ்வளவு நேரம்தான் அந்த ஹோஸ்டிங் கொடுக்கும். மறுபடி ஓட்டினேன், கொஞ்சம் படம் வந்தது, மறுபடி வெள்ளைத் திரை. அப்படித் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். பொறுமையாக முப்பது தடவை ஓட்டியிருந்தால் முடிந்திருக்கும். இல்லையென்றால் பழைய சர்வரில் படங்கள் கிடக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரை மொத்தமாக ஜிப் செய்து இறக்கியிருக்கலாம். நான் டிக்கை எடுத்துவிட்டேன். எழுத்து மட்டும் முதலில் வரட்டும், படங்களை ராத்திரி தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று. ஒரே நிமிடத்தில் 'ஆல் டன், ஹேவ் ஃபன்' என்று வந்தது. வேர்ட்பிரஸ் இம்போர்ட்டர் முடிந்ததும் சொல்லும் வாக்கியம் அது.

சைட்டைத் திறந்து பார்த்தேன். படங்கள் எல்லாம் தெரிந்தன.

தெரியத்தான் செய்யும். பதிவுகளுக்குள் இருந்த முகவரிகள் பழைய டொமைனுடையவை. எழுத்து எங்கள் சர்வரிலிருந்தும் படங்கள் பழைய சர்வரிலிருந்தும் வந்து, திரையில் ஒரே பக்கமாக நின்றன. ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து முகவரியைப் பார்த்திருந்தால் போதும். அந்த நேரத்தில் என் கவனம் முழுக்க வேறொன்றில் இருந்தது.

அந்த வேறொன்று டெம்ப்ளேட்டின் செட்டிங்ஸ் ஃபைல். நிறம், எழுத்துரு, மெனு, அடிப்பகுதியில் என்ன வர வேண்டும் எல்லாம் அதில்தான். எக்ஸ்எம்எல்லில் இவை வராது, தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பகுதியிலிருந்து தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். செய்த ஃபைலை நோட்பேடில் திறந்து, 'சேலம்' இருந்த இடத்திலெல்லாம் 'ஏற்காடு' என்று ஒரே மூச்சில் மாற்றினேன். இம்போர்ட் செய்தால் ஏற்க மறுத்தது. மாற்றாத ஃபைலை ஏற்றினால் ஏற்றுக்கொள்கிறது. மாற்றியதை ஏற்றினால் இல்லை. பெயரைத் தவிர ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

ராத்திரி பதினோரு மணி வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கண்ணில் பட்டது ஓர் எண். அடிப்பகுதியில் ஊர்ப் பெயருக்கான கட்டத்தில், 'சேலம்' என்ற சொல்லுக்கு முன்னால் 15 என்று இருந்தது. சேலம் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் சே என்பது ச ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, ம் என்பது ம ஒன்று, புள்ளி ஒன்று, நடுவில் ல. ஆக ஐந்து. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பதினைந்து. பிஎச்பி இந்த மாதிரி ஃபைலில் ஒவ்வொரு கட்டத்து எழுத்துக்கும் முன்னால் அதன் நீளத்தை பைட்டில் எழுதி வைக்கும், படிக்கும்போது எண்ணிப் பார்க்கும். ஏற்காடு என்பது ஏழு குறி, இருபத்தொரு பைட். முன்னால் இருந்த 15 அப்படியே இருந்தது. ஓரிடத்தில் எண் பிசகினால் மொத்த ஃபைலையும் தள்ளிவிடும். 15-ஐ 21 ஆக்கினேன். மற்ற இடங்களிலும் இப்படியே எண்ணி எண்ணி மாற்றினேன். இம்போர்ட் ஆனது. அந்த பழுப்பு நிறத் தலைப்பும் காப்பிக் கொத்து ஓவியமும் அப்படியே வந்து நின்றபோது, ஆளில்லாத ஆபீஸில் எழுந்து நின்று கை தட்டினேன்.

முதலில் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றியிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்த 15-ஐக் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க முடியவில்லை.

படங்கள் மறந்துபோயின.

ஏப்ரல் கடைசியில் புதுச் சைட் ஓட ஆரம்பித்த சில நாளில்தான் ஐயாவின் அந்தப் போன். பழைய ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது, கட்டணுமா என்று. எல்லாம் வந்துருச்சுங்களா என்று அவர் கேட்டபோது என் மனதில் ஓடியது அந்தச் செட்டிங்ஸ் ஃபைல்தான். வராமல் அடம்பிடித்தது அது ஒன்று, அதையும் வரவழைத்துவிட்டேன், ஆகவே எல்லாம் வந்துவிட்டது. எனக்குப் பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டுத்தானே அவர் பணம் கட்டாமல் விட்டார்.

மே மாதம் ஏற்காட்டில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. கூட்டம் குறைந்து மழை பிடித்து, ஆகஸ்டில் ஒரு நாள் ஐயா கூப்பிட்டார். முன்பு ஒருமுறை வந்து தங்கிய குடும்பம் மறுபடி வந்திருந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு அந்தப் பழைய படத்தைக் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்திருக்கிறார் அம்மா. "படம் இருக்க வேண்டிய எடத்துல கிழிஞ்ச காகிதம் மாதிரி சின்னதா ஒண்ணு வருதுங்க தம்பி. தேதி இருக்கு, பேரு இருக்கு, படத்தைக் காணோம்."

போன் பேசிக்கொண்டே என் கணினியில் திறந்தேன். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். எல்லாவற்றிலும் அந்தக் கிழிந்த காகிதம். உடம்பு சில்லிட்டுப் போனது. பழைய ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் செய்தேன். காலாவதியாகி மூன்று மாதம் ஆகிவிட்டது, கணக்கை அழித்துவிட்டோம், பேக்கப்பும் இல்லை என்றார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. புதுப்பிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

இணையப் பக்கங்களை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன். பழைய சைட்டை அது சில முறை எடுத்து வைத்திருந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுபத்தொரு படம் மீட்டேன். நான் டிக்கை எடுப்பதற்கு முன்னால் இரண்டு ஓட்டத்தில் வந்த நாற்பது சொச்சம் எங்கள் சர்வரிலேயே கிடந்தது. மீட்டவற்றில் பாதிக்கு மேல் 300 பிக்சல் அகலச் சிறு படங்கள். வேர்ட்பிரஸ் தானாக வெட்டி வைக்கும் அளவு அது. அதில் முகம் தெரியும், கண் தெரியாது.

நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று மலை ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனேன். திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஐயா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ எல்லாம்னு நீங்க சொன்னது எதைத் தம்பி?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன். எக்ஸ்எம்எல் ஃபைலில் முகவரி மட்டும்தான் இருக்கும் என்று, முப்பது நொடி வரம்பு என்று, படங்கள் பழைய சர்வரிலிருந்து தெரிந்துகொண்டிருந்தன என்று. பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது படங்கள் போனதைவிட அந்தப் பத்து நிமிடம்தான். "நான் பார்க்காம சொல்லிட்டேங்க ஐயா" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் பேச்சில் வரவே இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. அத்தனையும் சேர்ந்து, தப்பு என்னுடையது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். கிளம்பும்போது அரைக் கிலோ காப்பிப்பொடிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். வீட்டில் அதை உடனே பிரிக்க என்னால் முடியவில்லை.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம், எந்த அவசரத்திலும் அந்த டிக்கை எடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் செவ்வாய்பேட்டைக் கொலுசுக் கடை ஒன்றின் சைட்டை மாற்றும்போது நானே எடுத்தேன். வேறு வழியில்லை, இரண்டாயிரத்துக்கு மேல் டிசைன் படங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரை முதலில் ஜிப் செய்து இறக்கி, எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். "எடுக்கக் கூடாதுன்னீங்களேண்ணா?" என்றான். எண்ணிப் பார்த்தாச்சு என்றேன். அவனுக்கு அது நான் வைத்த விதியை நானே மீறியதாகத்தான் பட்டிருக்கும். எது விதி, எது என் பயம் என்று எனக்கே அன்றைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா இப்போதும் படம் எடுக்கிறார். சைட்டில் ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார், "தம்பி, இதையும் வெச்சுக்குங்க" என்று. தனி ஃபோல்டர் போட்டு, வருடம் வாரியாகச் சேர்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் முழுசாக வரும். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போனை எடுத்தால் திண்ணையில் பேசிய அந்தப் பத்து நிமிடம் ஞாபகம் வருகிறது, வைத்துவிடுகிறேன். நேற்றும் ஒன்று வந்தது. படிக்கட்டில் ஐந்து பேர், நடுவில் ஒரு பாட்டி, ஓரத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று அழுகிற பையன். 140 கேபி. இந்த வாரம் சொல்லிவிட வேண்டும்.