குறுக்கு வலி: குமுளியிலிருந்து ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 18, வெள்ளி

பிசியோதெரபி ரூமைத் திறக்கும் முன்பே வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கூடலூர்க்காரர், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர், வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. மடியில் ஸ்கேன் கவர். “பாப்பா, ஜவ்வு விலகிருச்சாம், இனிமே குனியவே கூடாதுன்னுட்டாங்க. குனியாம எப்படி காய் எடுக்கிறது?” வலி எங்கே, எப்போது ஆரம்பித்தது என்றெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் ஒப்பிக்காத குறை.

அதில் இருந்தது இவ்வளவுதான்: இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, நரம்பு அழுந்தவில்லை. படுக்க வைத்துக் காலை நீட்டியபடி மேலே தூக்கிப் பார்த்தேன், தொடைக்குப் பின்னால் சாதாரண இழுவை, அவ்வளவுதான். குதிகாலில் நடந்தார், முன்னங்காலில் நடந்தார், மரத்துப்போன இடம் எதுவும் இல்லை.

முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 68 சதவீதம் பேருக்குத் தேய்மானம். எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம். மறுபடியும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எங்க மாமியாருக்கும் இருக்குமா?” என்றார். எடுத்துப் பார்த்தால் இருக்கும் என்றேன். “அது இன்னும் வெறகு சொமக்குதே!” என்று சிரித்தார்.

ஸ்கேனுக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன், சொன்னார், அது இங்கே வேண்டாம்.

ஜூலை 21, திங்கள்

அதே அக்கா. இன்று ஒரு நாளை முழுசாகச் சொல்லச் சொன்னேன். நாலு மணிக்கு எழுந்திருக்கிறார், குனிந்து வாசல் கூட்டுகிறார், குழாயடியில் குடம் தூக்குகிறார், சோறு கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினால் பக்கவாட்டுப் பெஞ்சில் நெருக்கியடித்து, தலை இடிக்காமல் கூனிக்கொண்டு, மடியில் பையோடு மலை ஏறுகிறார். இறங்கியதும் நேராகச் செடி.

ஏலக்காயைப் பார்க்காதவர்களுக்காக: செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் மேலே இருக்காது. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணை ஒட்டி ஓடும், காய் அதில்தான். விளைந்த காயை மட்டும் விரலால் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும், பிஞ்சு உதிரக்கூடாது. அதனால் குந்தவோ குனியவோ வேண்டும், வேறு வழியே கிடையாது. “குனியாதே” என்று சொல்லி அனுப்பியவருக்கு இது தெரியாது.

டிஸ்க் ராத்திரி படுத்திருக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பும், பகலில் சுமை ஏற ஏற இழக்கும். காலையில் நாம் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான், அந்த உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். உப்பிய டிஸ்கோடு குனிந்தால் அழுத்தம் கூடுதல். 1998இல் ஸ்னூக் என்பவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை அதிகாலையில் முன்பக்கம் குனியாமல் இருக்கச் சொன்னார்கள், அதிலேயே வலி குறைந்தது. அக்கா தோட்டத்தில் குனிவதை நான் தடுக்க முடியாது, ஆனால் வாசல் கூட்டுவதை மகன் செய்யலாம், பத்தாவது படிக்கிறான், கைகால் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம், கூனி உட்கார்ந்து வந்தால் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும், ஜீப்பை விட்டு இறங்கியதும் செடிக்குள் புகாமல் கொஞ்சம் நடந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னேன். ஒரு முழங்காலை ஊன்றிக் காய் எடுப்பதையும் தரையில் செய்து காட்டினேன், காலை மாற்றி மாற்றி. “அட்டை கடிக்குமே” என்றார். நியாயம்தான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, இந்தப் பக்கம் கர்க்கிடக வாவு. ஆள் குறைவு. ரிட்டயர் ஆன மலையாள மாஷ், அதாவது வாத்தியார், ஒருவர் மட்டும் வந்தார், கர்க்கிடகம் பிறந்ததும் வருஷா வருஷம் உழிச்சில் என்கிற எண்ணெய்த் தடவல் செய்துகொள்பவர். இந்தத் தடவை கடிவஸ்தியும் சொல்லியிருக்கிறார்களாம். குப்புறப் படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின் மேல் வட்டமாகக் கரை கட்டி, நடுவே வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி, ஆற ஆற மாற்றுவது. “மோளே, செய்யலாமா, உங்க இங்கிலீஷ் வைத்தியத்துக்கு ஆகாதா?” என்று தமிழும் மலையாளமுமாகக் கேட்டார்.

தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். இறுகின தசைக்குச் சூடு நல்லது, ஒருத்தர் பொறுமையாகத் தொட்டுப் பார்ப்பதும் நல்லது, இதில் எனக்கு வறட்டுப் பிடிவாதம் கிடையாது. விலகிய டிஸ்கைத் தைலம் உள்ளே தள்ளிவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று, சிகிச்சை முடிந்ததும் பத்தியம் என்று நாள்கணக்கில் கட்டிலிலேயே கிடப்பது. மாஷுக்கு அது பிடித்த பகுதி போல. பேப்பர் படிப்பதை நடந்துபோய் டீக்கடையில் படியுங்கள் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஜீப் ஓட்டும் அண்ணன், கம்பம். வலது இடுப்பில் ஆரம்பித்துப் பின்தொடை, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை மின்சாரம் மாதிரி இறங்குகிறது, தும்மினால் உயிர் போகிறது. படுக்க வைத்து நீட்டிய காலை 40 டிகிரிதான் தூக்க முடிந்தது. இது உண்மையாகவே நரம்பு சம்பந்தப்பட்டது, சியாட்டிகா. உட்கார்ந்திருக்கும் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும் அதிர்வில்தான் மிக அதிகமாகக் குலுங்கும், வண்டியின் ஆட்டமும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் வரும். அவர் ஜீப்பின் சீட்டைப் போய்ப் பார்த்தேன், ஸ்பாஞ்சு போய்ப் பலகைதான் மிச்சம். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேறு, ஆர்சி புக்கிலிருந்து சீட்டுப்பணக் கணக்கு வரை எல்லாம் அதற்குள்.

வீட்டில் மச்சான் சொன்னபடி தரையில் பலகை போட்டு வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்திருக்கிறார். படுக்கை ஓய்வு என்ற கதைக்கு அடி விழுந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. 1986இலேயே டேயோ என்ற மருத்துவர் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டார். குணமானதில் வித்தியாசமே இல்லை, ஏழு நாள் படுத்தவர்கள் கூடுதலாக வேலைக்கு லீவு போட்டதுதான் மிச்சம். 1995இல் பின்லாந்தில், முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். நம் ஊரில் இன்னும் பலகைதான்.

ஆபரேஷன் வேண்டுமா என்று அவர் மனைவி கேட்டார். பெரும்பாலும் வேண்டாம், பிதுங்கி வெளியே வந்த டிஸ்க் துண்டை உடம்பே கரைத்துவிடும், பெரிய துண்டு என்றால் இன்னும் நன்றாகவே கரையும், சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். ஆனால் பாதம் தொங்கிப் போனாலோ, மூத்திரம் வராமல் கட்டினாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இதை இருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நானே ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பெரியவர், நடு முதுகு வலி, மாதக்கணக்காக. படுத்தாலும் விடவில்லை, ராத்திரிதான் மோசம். சாயங்காலம் லேசாக ஜுரம், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. வலிக்குதென்று வரும்போதெல்லாம் ஒரு இடத்தில் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், ஊசிக்கு அன்றைக்கு மட்டும் கேட்கும். முதுகுத்தண்டில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன், ஒரே ஒரு எலும்பில் துள்ளிவிட்டார். உடற்பயிற்சி எதுவும் சொல்லவில்லை, கை வைக்கவும் இல்லை. தேனிப் பக்கம் கானாவிலக்கு மெடிக்கல் காலேஜுக்குச் சீட்டு எழுதி மகளிடம் கொடுத்தேன். “சுளுக்கு வழிச்சாச் சரியாயிரும்னு சொன்னாங்களே” என்றார் மகள். வழிக்கவே கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு, லீவு.

ஆகஸ்ட் 9, சனி

பெரியவருக்கு எலும்பு டிபி போலத்தான் இருக்கிறது, எம்ஆர்ஐயில் இரண்டு எலும்பும் நடுவில் டிஸ்கும் அரித்திருக்கிறதாம், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உறுதியானால் ஒரு வருஷம் போல மாத்திரை, அரசாங்கமே இலவசமாகத் தரும், நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். மகளிடம் வீட்டில் யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லோரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கூடலூர் அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வலி சுத்தமாகப் போகவில்லை, பாதி என்கிறார், குனிந்தால் ஏதோ ஒடிந்துவிடும் என்ற பயம் போய்விட்டது. ஒரு முழங்கால் ஊன்றுவதைப் பார்த்துக் கூட இருப்பவர்கள் சிரித்தார்களாம், இப்போது அவர்களில் சிலரும் செய்கிறார்களாம், கால் இரண்டிலும் பழைய சாக்கைக் கட்டிக்கொண்டு. கங்காணி “என்னக்கா, மண்டி போட்டு வேண்டுதலா?” என்று கேட்டிருக்கிறார்.

ஜீப் அண்ணன் இன்று 60 டிகிரி தூக்கினார், சீட்டுக்குப் புது ஸ்பாஞ்சு போட்டாயிற்று. அவரிடம் ஒன்று கேட்டேன்: காலையில் ஆள் ஏற்றிப் போகும்போது செக்போஸ்ட் தாண்டி ஐந்து நிமிஷம் நிறுத்தி எல்லோரையும் இறங்கி நடக்க விடுங்கள். லேட்டானால் கங்காணி திட்டுவார் என்றார். உங்கள் காலுக்கும் அது வேண்டும் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திப் பார்க்கிறேன், ஆனால் டீ குடிக்க யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று கண்டிஷன் போட்டிருக்கிறார்.