மதுரையை விடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று போட்டிருந்தது. மீனம்பாக்கத்திலிருந்து, யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு. பெரம்பூர் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே எனக்கு அதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனது. கிண்டி நெரிசல் அப்படி.

முந்தின ராத்திரி தூக்கம் வராமல் வரைபடத்தில் தூரத்தை அளந்து பார்த்தேன். நேர்கோட்டில் சென்னை–யாழ்ப்பாணம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னை–மதுரை 415. நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். மதுரை விமான நிலையமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரைக்குத் தென்மேற்காகச் சாய வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மூக்குக்கு நேரே தெற்கு. ஆனால் மதுரையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதை எங்கள் வீட்டில் யாரும் பயணம் என்றே சொல்வதில்லை. யாழ்ப்பாணம் என்றதும் அம்மா திருநீறு பூசி அனுப்பினார்.

விமானம் ஏடிஆர் 72. இறக்கை தலைக்கு மேலே, பக்கத்துக்கு ஒரு விசிறி, ஏறுவது பின்வாசல் வழியாக. ஜெட் இல்லை என்பதால் மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம். அப்படிப் பார்த்தாலும் 355 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போதுமே? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கிய பிறகு மறுபடி நிற்பதுவரை எல்லாம் அதில் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகமும் கிடைக்காது. என் கடிகாரப்படி சக்கரம் தரையில் இல்லாத நேரம் 55 நிமிடம்.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. சிகிச்சைக்காகச் சென்னை வந்து திரும்புகிறார்.

"முந்தியெண்டா கொழும்புக்குப் பறந்து, பிறகு பஸ்ஸிலை எட்டு மணித்தியாலம் இருக்கோணும் தம்பி. காலெல்லாம் வீங்கிப்போயிடும்."

கணக்குப் போட்டேன். கொழும்புக்கு வானில் 640 கிலோமீட்டர், அங்கிருந்து வடக்கே திரும்பித் தரையில் ஏறக்குறைய 400. 355 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்று! பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபரில்தான். சில மாதங்களில் கொரோனா வந்து சேவை நின்றது. மறுபடி தொடங்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்கெல்லாம் முன்னால், எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்த காலமும் இருந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த ஊர் வழியாகப் போவதும் நின்றது.

தண்ணீர் விற்கும் வண்டி எங்கள் வரிசைக்கு வருமுன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது. கீழே பனைமரங்கள், சிவப்பு மண். கடிகாரத்தைத் திருப்பக் கைபோனது. தேவையே இல்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

குடியேற்ற வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, அப்புறம் ஆட்டோவில் 16 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தருகே இறங்கி அம்மாவுக்குப் போன் செய்தபோது மாலை நாலரை. காலை பத்துக்குக் கிளம்பியவன்.

"அதுக்குள்ள போயிட்டியா?" என்றார் அம்மா.

மதுரை பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் திருச்சி தாண்டியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.