புகைக்கூண்டுக்கு ஒரு கொத்தனாரைத் தேடி

மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் சமையலறையில், கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்பும் கொடியடுப்பும் சேர்ந்த மேடை ஒன்றும், அதற்கு நேர்மேலே நாட்டு ஓட்டுக் கூரையைத் தாண்டி எழும் புகைக்கூண்டும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தபோது, கொல்லையில் நின்ற தென்னை சாய்ந்து அந்தக் கூண்டின் தலைப்பகுதியைத் தகர்த்துவிட்டது. ஊர் முழுவதும் கூரைக்கும் சுவருக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கிடைத்த கொத்தனாரை வைத்துச் சிமெண்டில் எடுத்துக் கட்டினோம்.

அந்தப் பழுது பார்த்ததே பெரிய பழுதாகிவிட்டது. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. கழன்றபோது பழைய செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. மெல்லிய பழைய செங்கல் மழையில் ஈரத்தை இழுத்து வெயிலில் விடும் தன்மையுடையது. இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தும் அதற்கு வழி விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரமும் அதோடு வரும் உப்பும் உள்ளேயே நின்று கல்லைப் பொடியாக்கிவிடுகின்றன. இதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான். அடுப்பு மூட்டினால் புகையும் மேலே போகாமல் கூடம் வரை வந்து கண்ணைக் கரித்தது.

சரியான ஆளைக் கண்டுபிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வந்து பார்த்தவர்களில் ஒருவர் அனைத்தையும் இடித்துவிட்டுக் கிரானைட் மேடை போட்டுத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் சுண்ணாம்பிலேயே செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, பிடிப்புக்குக் கொஞ்சம் சிமெண்டு கலக்கலாம் என்றார்; அவர் வாங்கி வரச் சொன்னது வெள்ளையடிக்கும் சுண்ணாம்புத் தூள். கூலி எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்று மட்டுமே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பை எதில் நீற்றுவீர்கள், எத்தனை நாள் ஊறவைப்பீர்கள், மூன்று மழை கண்ட உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்த ஓராண்டில் பாதி மிஞ்சியிருக்கும்.

வழி காட்டியது பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் திருப்பணி. கும்பாபிஷேகத்துக்காக விமானத்தில் சுதை வேலை நடந்துகொண்டிருந்தது. தொட்டியில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த வாடை வெளிப்பிராகாரம் வரை வந்தது. அங்கிருந்த மூத்த கலைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாங்க பொம்மை வேலைக்காரங்க. சுவர் வேலைன்னா தரங்கம்பாடிப் பக்கம் விசாரிங்க” என்றார். 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய அந்த ஊரில், 2004 சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகள் பல சுண்ணாம்பிலேயே புதுப்பிக்கப்பட்டன; அந்த வேலைகளில் கைபழகியவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். இரண்டு முறை போய், மூன்று பேரை விசாரித்து, அறுபது வயதைக் கடந்த ஒரு கொத்தனாரை அழைத்து வந்தேன்.

அவர் கூலியைப் பற்றிப் பேசவில்லை. கரணையின் முனையால் பழைய இணைப்பைச் சுரண்டி, உதிர்ந்ததை உள்ளங்கையில் தேய்த்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அரிசிக் குருணை போல் வெண்மையாகச் சில துணுக்குகள் தெரிந்தன. “கிளிஞ்சல் சுண்ணாம்பு சார். கடற்கரைச் சரக்கு” என்றார். பிறகு ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தச் சொல்லிவிட்டுக் கொல்லையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கூண்டின் வாய் கூரை முகட்டுக்குக் கீழே நின்றுவிட்டதால், முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று புகையைத் திருப்பி உள்ளே அழுத்துகிறது என்று அங்கிருந்தே சொன்னார்.

“கூண்டை நான் கட்டுறேன். அடுப்பு வாய்க்கு நான் ஆள் இல்ல. நெருப்பு நேரா படுற இடத்துல சுண்ணாம்பு நிக்காது, அங்க மண்ணுதான். பானை செய்யுற வேளார் வீட்டுல கேளுங்க” என்று அவர் சொன்ன பிறகு எனக்கு வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. தனக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தை மாதத்தில் வேலை தொடங்கியது. சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைக் குழியில் தண்ணீர் விட்டு நீற்றியபோது தண்ணீர் கொதித்து ஆவி எழுந்தது; அதன்பின் இருபத்தொரு நாள் ஈரச்சாக்கு மூடிக் காத்திருந்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல், கலப்பதற்குக் கடுக்காய்த் தண்ணீர். சிமெண்டு வைத்த பகுதியை முழுவதும் கழற்றி, முகட்டுக்கு மேல் இரண்டடி உயரும்படி கூண்டைக் கட்டி, வெயில் நேராகத் தாக்காதபடி ஈரத்துணி சுற்றி வைத்தார். அடுப்பை வேளார் வீட்டு அம்மாள் ஒருவர் செய்தார். குளத்து வண்டலில் உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலால் மிதித்துப் பதமாக்கி, ஒரு பூச்சு உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு பூசினார். சம்பா அறுவடை முடிந்த நேரமாதலால் உமிக்கும் வைக்கோலுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

சுண்ணாம்பு காற்றை வாங்கிக்கொண்டு மெல்லத்தான் இறுகும் என்பதால் ஒரு மாதம் அடுப்பு மூட்டவில்லை. முதல் மூன்று நாள் தேங்காய் மட்டையில் சிறு நெருப்பு மட்டும் வைத்தோம். நான்காம் நாள் அம்மா பால் காய்ச்சினார். கொல்லையில் நின்ற என் தங்கை, “அண்ணா, முகட்டுக்கு மேல நேரா போகுது” என்று குரல் கொடுத்தாள்.

மீந்த சுண்ணாம்புக் களியைக் கொத்தனார் ஒரு மண்பானையில் இட்டு, மேலே நான்கு விரல் தண்ணீர் நிறுத்தி, மூடி வைத்துவிட்டுப் போனார். காற்றுப் படாத வரை அது இறுகாதாம். தண்ணீர் வற்றாமல் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.